காரணியும் காரணமும்

மருத்துவம் பயின்ற நண்பர் ஒருவரோடு அண்மையில் நிகழ்ந்த வாக்குவாதத்தின் மிச்சம்தான் இக்கட்டுரை. நண்பர் நல்ல வாசகர். டோனி மாரிசனை எனக்கு முன்பே படித்து, படித்த பிரதிகளை எனக்குத் தந்தவர். பதிலுக்கு நான் தந்தது ஆட்ரி லார்டின் 'த கேன்சர் ஜர்னல்ஸ்'. அன்று பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த நூலில் வந்து நின்றது. கறுப்பினக் கவிஞரான லார்டுக்கு 1978இல், தம் 44ஆம் வயதில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஒரு மார்பகம் நீக்கப்பட்டது. அந்த அனுபவத்தைச் சொல்லும் நூல் 1980இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் செயற்கை மார்பகம் அணியாமல் மருத்துவரிடம் சென்ற லார்டிடம், இப்படி வருவது இங்குள்ள மற்றவர்களின் மனத்திடத்தைக் குலைக்கும் என்று செவிலி சொன்னதை அதில் பதிவு செய்திருக்கிறார். நோய் ஈரலுக்குப் பரவி, 1992இல் 58 வயதில் இறந்தார்.

கறுப்பினப் பெண்களிடம் மட்டும் இந்நோய் ஏன் இவ்வளவு கொடியதாக இருக்கிறது என்று கேட்டேன். நண்பர் தயங்கவில்லை. "அவர்கள் உடம்பின் அமைப்பு அப்படி. ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் அவர்களிடம் வேறு மாதிரி. அதனால் ஆபத்து அதிகம்" என்றார். அதில் வன்மம் எதுவும் இல்லை. நாளை மழை வரும் என்று சொல்லும் தொனிதான். காப்பி வந்தது, பேச்சு வேறு திசைக்குப் போயிற்று.

வீடு திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. படித்தவர்கள், நல்லெண்ணம் கொண்டவர்கள், இலக்கியம் அறிந்தவர்கள் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடும் ஒரு வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியலைக் கல்லூரியில் பாடமாகப் படித்து மறந்தவன். ஆனால் இந்த வாக்கியத்தில் உள்ள பிழை உயிர்வேதியியல் பிழை அன்று என்பதே என் கட்சி.

முதலில் 'ஆபத்து' என்ற சொல்லைப் பார்ப்போம். எதன் ஆபத்து? அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வீதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. வந்தபின் அதனால் இறக்கும் வீதமோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். வருவது வேறு, சாவது வேறு. நண்பரின் வாக்கியம் இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்துவிட்டது. வயதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் விசித்திரம். இளம் வயதில் இந்நோய் கறுப்பினப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. முதுமையில் நிலைமை தலைகீழாகி வெள்ளையினப் பெண்களுக்குக் கூடுதலாகிறது. ஆபத்து உடம்பின் அமைப்பிலேயே எழுதப்பட்டது என்றால், அந்த எழுத்து நடுவயதில் ஏன் மாறுகிறது?

அடுத்தது 'காரணி'. இது நம் மொழியின் சிக்கல் என்றே நினைக்கிறேன். ஆங்கிலத்தில் குரோத் ஃபேக்டர் என்பதை 'வளர்ச்சிக் காரணி' என்கிறோம். ரிஸ்க் ஃபேக்டர் என்பதை 'ஆபத்துக் காரணி' என்கிறோம். முன்னது ஒரு பொருள். இரத்தத்தில் ஓடும் புரதம். சோதனைக் குழாயில் அளக்கலாம். பின்னது பொருளே அன்று. ஆயிரக்கணக்கானவர்களைக் கணக்கெடுக்கும்போது இரண்டு எண்களுக்கிடையே தோன்றும் ஓர் உறவு, அவ்வளவுதான். இரண்டையும் 'காரணி' என்று அழைத்ததால், 'காரணம்' என்ற சொல் ஓசையின்றி அதன் தோள்மேல் ஏறிக்கொண்டது. புள்ளிவிவர அட்டவணையில் 'இனம்' என்று ஒரு வரி இருக்கும். அது ஆபத்துக் காரணி. வாசிப்பவர் அதை வளர்ச்சிக் காரணியைப் போல உடம்புக்குள் ஊறும் ஒரு திரவமாகப் புரிந்துகொள்கிறார். என் நண்பர் செய்தது இதைத்தான். ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் மருத்துவம் பார்க்கும் அவரே இப்படி வழுக்கினார் என்றால், பழியைத் தமிழின் மேல் மட்டும் போடுவதற்கில்லை.

*

அந்தத் திரவங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஓய்வதில்லை. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்பால் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் இந்த ஈஸ்ட்ரோஜன் மிகுதியாக இருக்கும் முதிய பெண்களுக்கு, மிகக் குறைவாக இருப்பவர்களைவிட இருமடங்கு அளவுக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது என்று ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் காட்டினார்கள். இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி ஒன்று இருக்கிறது, ஐ.ஜி.எஃப்-1 என்பது அதன் சுருக்கப் பெயர். 2010இல் 17 ஆய்வுகளின் தொகுப்பு அதற்கும் புற்றுநோய்க்கும் ஒரு தொடர்பைக் காட்டியது. பெரிய தொடர்பு அன்று, ஆனால் உண்டு. இன்சுலினையே எடுத்துக்கொண்டால், ஹார்மோன் மாத்திரை எடுக்காத முதிய பெண்களில் இன்சுலின் மிகுந்த கால்பகுதியினருக்கு, குறைந்த கால்பகுதியினரைவிட ஆபத்து 2.4 மடங்கு என்று 2009இல் ஓர் ஆய்வு கண்டது. ஈஸ்ட்ரோஜனும் இந்த வளர்ச்சிக் காரணிகளும் உயிரணுவுக்குள் ஒன்றின் குரலை மற்றொன்று உயர்த்திவிடுகின்றன என்பதும் ஆய்வகத்தில் பலமுறை காட்டப்பட்ட செய்தி.

எந்த உயிரணுவில் காட்டப்பட்டது? பெரும்பாலும் எம்.சி.எஃப்-7 என்ற அணுவழியில். 1970இல் டெட்ராய்ட் நகரில் 69 வயது வெள்ளையினக் கன்னியாஸ்திரீ ஒருவரின் நோய்முற்றிய உடலிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட அணுக்கள் அவை. ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும் பங்கு, துறவறத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த அந்த ஒரு பெண்ணின் உடலிலிருந்து வந்தது. எனக்கு இது ஒரு சிறுகதைக்கு உரிய செய்தியாகவே படுகிறது. அறிவியலில் இதில் பிழை ஒன்றும் இல்லை. எங்கேனும் தொடங்கித்தானே ஆகவேண்டும். தொடங்கிய இடத்தை மறந்து 'பெண்' என்று பொதுப்படப் பேசத் தொடங்கும்போதுதான் பிழை நுழைகிறது.

இந்தப் பொதுப்படப் பேச்சுக்கு இன்னும் இரண்டு சான்றுகள். மார்பகப் புற்றுநோயைத் தமாக்சிஃபென் முன்கூட்டியே தடுக்கும் என்று 1998இல் அறிவித்த பெரும் ஆய்வில் 13,388 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒரு பெண்ணுக்கு இந்நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்திய கெயில் சூத்திரம் 1989இல் வெள்ளையினப் பெண்களின் தரவுகளிலிருந்து வகுக்கப்பட்டது. அது கறுப்பினப் பெண்களின் வாய்ப்பைக் குறைத்துக் காட்டியது. அவர்களுக்கெனத் திருத்திய சூத்திரம் வர 2007 ஆயிற்று. எண்ணப்படாதவர்களைப் பற்றித்தான் நண்பர் அத்தனை உறுதியோடு பேசினார்.

*

ஹார்மோன் மாத்திரையின் கதை நம் வாசகர்களுக்குத் தனிச் சுவை தரக்கூடும், ஏனெனில் அது ஒரு புத்தகத்திலிருந்து வலுப்பெற்ற கதை. குதிரைச் சினையின்போது சிறுநீரில் மிகும் ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுத்துச் செய்த பிரெமரின் மாத்திரை 1942 முதல் அமெரிக்காவில் விற்பனையாயிற்று. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்ற நூலை எழுதினார். மாதவிடாய் நிற்றல் ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை தின்றால் பெண் என்றென்றும் பெண்ணாக இருப்பாள் என்பது அதன் சாரம். புத்தகம் அமோகமாக விற்றது. அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்கள் பணம் தந்தது பின்னர் தெரியவந்தது. அந்நூல் மனத்தில் வைத்திருந்த பெண் தன் வரவேற்பறையில் அமர்ந்து இளமையை இழந்ததற்காக வருந்துபவள். அந்த அறையைத் துடைக்க வருபவள் அல்லள். இதன் உச்சம் 2009இல் வெளிப்பட்டது. மாத்திரையைப் புகழ்ந்து 1998 முதல் 2005 வரை மருத்துவ ஏடுகளில் வந்த 26 கட்டுரைகளுக்குப் பின்னால், வையெத் நிறுவனம் கூலி கொடுத்து அமர்த்திய எழுத்து நிறுவனம் இருந்தது என்பதை நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. பெயர் பேராசிரியருடையது, வாசகம் கூலிக்காரருடையது. கதைத் திருட்டுக்கு ஆண்டுக்கணக்கில் சண்டையிடும் நாம் இதற்கு என்ன பெயர் சூட்டுவோம்?

இதற்கிடையில் அமெரிக்க அரசு 1991இல் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பேராய்வைத் தொடங்கியிருந்தது. 50 முதல் 79 வயது வரையிலான பெண்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல மாத்திரையும் வெற்று மாத்திரையும் தந்து பார்த்தார்கள். கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டினும் சேர்த்துத் தரவேண்டும், இல்லையேல் கருப்பையிலேயே புற்றுநோய் வரும். கருப்பை நீக்கப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எனவே இரண்டு ஆய்வுகள். முதலாவதில் 16,608 பேர். 2002 ஜூலையில் அது பாதியில் நிறுத்தப்பட்டது. கூட்டு மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 38 பேருக்கும், எடுக்காதவர்களில் 30 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. செய்தி பரவியதும் மாத்திரை விற்பனை சரிந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. குறைந்தது யாரிடம்? வெள்ளையினப் பெண்களிடம். கறுப்பினப் பெண்கள் அந்த மாத்திரையைக் குறைவாகவே எடுத்திருந்தார்கள். ஆக, முதுமையில் வெள்ளையினப் பெண்களுக்கு நோய் கூடுதலாக இருந்ததற்கு ஒரு பகுதிக் காரணம் மருந்துக் கடையில் கிடைத்தது. வெளியிலிருந்து ஊட்டப்பட்ட ஹார்மோன் அது. 'அவர்கள் உடம்பின் அமைப்பு அப்படி' என்று வெள்ளையினப் பெண்களைப் பற்றி அன்று யாரும் சொல்லவில்லை.

இனி இரண்டாவது ஆய்வு. அதைப் படித்தபோதுதான் நான் எழுந்து நடக்கத் தொடங்கினேன். கருப்பை உள்ளவர்களுக்கான ஆய்வில் கறுப்பினப் பெண்கள் சுமார் 7 விழுக்காடு. கருப்பை நீக்கப்பட்டவர்களுக்கான ஆய்விலோ 15 விழுக்காடு. அதே நிறுவனம், அதே ஆண்டுகள், அதே ஊர்கள். ஒரே ஒரு தகுதி மாறியதும் அவர்களின் பங்கு இருமடங்காகிறது. அந்தத் தகுதி, உடம்பில் கருப்பை இல்லாதிருத்தல்.

கருப்பைக் கட்டிகள் கறுப்பினப் பெண்களுக்கு மிகுதி என்பது உண்மை. கட்டியை மட்டும் அகற்றலாம், மருந்தால் சுருக்கலாம், காத்திருக்கலாம், அல்லது கருப்பையையே எடுத்துவிடலாம். இவர்களுக்குக் கடைசி வழி மற்றவர்களைவிட அடிக்கடி நேர்ந்திருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1961இல் மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃபிளவர் மாவட்டத்தில், பருத்தித் தோட்டத்தில் உழைத்துவந்த ஃபானி லூ ஹேமர் என்ற 44 வயதுப் பெண் கருப்பைக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ள மருத்துவமனைக்குப் போனார். வெள்ளையின மருத்துவர் அவரிடம் கேளாமலேயே கருப்பையை எடுத்துவிட்டார். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அவ்வளவு வழக்கமாக நடந்ததால், 'மிசிசிப்பி குடல்வால் அறுவை' என்று அங்கே அதற்கு ஒரு கசப்பான பெயரே வழங்கிற்று. மறு ஆண்டு ஹேமர் வாக்காளராகப் பதியப் போனார், தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டார், சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார், 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் நாடே கேட்கப் பேசினார். குடியுரிமைப் போராட்டம் பற்றிப் படித்தவர்கள் இதையெல்லாம் அறிவார்கள். அவர் எதனால் இறந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1977 மார்ச்சில், விடுதலை பெற்ற அடிமைகள் நிறுவிய மவுண்ட் பேயு என்ற ஊரின் மருத்துவமனையில், 59 வயதில் இறந்தார். உயர் இரத்த அழுத்தமும் மார்பகப் புற்றுநோயும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின.

ஆய்வில் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லாரும் ஹேமரைப் போல ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் நண்பரைப் போல ஒரு வரியில் கதையை முடிப்பவன் ஆவேன். ஆனால் 50 முதல் 79 வயதுக்குள் 1990களில் அந்த ஆய்வுக்கு வந்த பெண்கள் ஹேமரின் காலத்தில் இளமையைக் கழித்தவர்கள். 'கருப்பை நீக்கம்: ஆம்' என்று படிவத்தில் குறிக்கப்படும் ஒரு கட்டத்துக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைப் படிவம் கேட்பதில்லை.

அந்த இரண்டாவது ஆய்வின் விளைவு எல்லாரையும் குழப்பியது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் கூடிற்று என்று 2004இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுத் தொடர்கணக்கு 2020இல் வந்தபோது, நோய் 22 விழுக்காடும் அதனால் வரும் சாவு 40 விழுக்காடும் குறைந்திருந்தன. கறுப்பினப் பெண்களை மட்டும் தனியே பிரித்து 2017இல் கணக்கிட்டார்கள். 1,616 பேர். மாத்திரை எடுத்தவர்களில் 17 பேருக்கு மார்பகப் புற்றுநோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 பேருக்கு. பாதிக்கும் குறைவு.

நண்பரின் வாக்கியத்தை இந்த எண்களின் அருகில் வைத்துப் பாருங்கள். ஹார்மோன் அமைப்பால்தான் அவர்களுக்கு ஆபத்து என்றால், அந்த ஹார்மோனை மேலும் ஊட்டியபோது நோய் ஏன் சரிந்தது? நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜன் இன்றிக் கிடந்த புற்றணுக்கள் மீண்டும் அதைப் பெறும்போது மடிந்துவிடுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. தமாக்சிஃபென் வருவதற்கு முன்னர் முதிய பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் வகை மருந்தையே கொடுத்துவந்தார்கள் என்பதை நினைத்தால் இது அத்தனை அதிசயமும் அன்று. மறுதரப்பையும் சொல்லிவிடவேண்டும். சீட்டுக் குலுக்காமல், தாமாக மாத்திரை எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட்டில் வந்த கட்டுரை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கும் சிறிதளவு ஆபத்து கூடுகிறது என்றது. சண்டை தீரவில்லை. 17ஐயும் 40ஐயும் கூட்டினால் 57. ஒரு மக்கள் கூட்டத்தின் முதுமையைப் பற்றி நம்மிடம் உள்ள நேரடிச் சோதனைச் சான்று 57 பெண்களின் நோய்க்குறிப்பில் நிற்கிறது. இவ்வளவு மெல்லிய தரையில் நின்றுகொண்டு 'அவர்கள் உடம்பே அப்படி' என்று காலை ஓங்கி மிதிக்கலாமா?

*

நண்பரின் தரப்பில் நின்று பேசக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களுக்கு இருமடங்கு வருகிறது. அது கொடியது; ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகள் அதனிடம் செல்லா. கானாவில் நோயுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இவ்வகைதான் என்று அறுவை மருத்துவர் லிசா நியூமனும் குழுவினரும் கண்டிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க மரபு இதில் பங்கேற்கிறது என்பதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை, மறுக்கவும் விரும்பவில்லை. ஆனால் அதே குழு எத்தியோப்பியப் பெண்களைப் பார்த்தபோது இவ்வகை மிகக் குறைவாக இருந்தது. அக்ராவும் அடிஸ் அபாபாவும் நியூயார்க் மருத்துவமனைப் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் குறிக்கப்படும். மரபு ஒன்று, நிறம் வேறொன்று. நண்பரின் 'அவர்கள்' என்ற சொல் எந்த அவர்களைச் சுட்டுகிறது?

சாவுக் கணக்கும் இந்த வாதத்துக்கு முழுமையாக ஒத்துழைக்கவில்லை. மூன்று ஏற்பிகளும் இல்லாத வகைதான் முழுக் காரணம் என்றால், ஹார்மோன் ஏற்பி உள்ள, மருந்துக்குக் கட்டுப்படும் வகையில் இருசாராரும் ஒன்றுபோல் பிழைக்கவேண்டும். பிழைக்கவில்லை. 2024இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இடைவெளி அந்த வகையில்தான் பெரிதாக இருந்தது. மருந்து இருக்கும் இடத்தில் இடைவெளி பெரிது என்றால் தேடவேண்டிய இடம் மருந்து சென்ற பாதை.

காலத்தையும் பாருங்கள். 1970களின் இறுதிவரை அமெரிக்காவில் இரு இனப் பெண்களும் மார்பகப் புற்றுநோயால் ஏறத்தாழ ஒரே வீதத்தில் இறந்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்துதான் கோடுகள் பிரிகின்றன. மார்பக எக்ஸ்ரே சோதனையும் தமாக்சிஃபெனும் பரவிய காலம் அது. வெள்ளையினப் பெண்களின் கோடு இறங்கியது. மற்றவர்களின் கோடு உடன் இறங்கவில்லை. சிகாகோ நகரில் 1980இல் இடைவெளியே இல்லை. 2003இல் கறுப்பினப் பெண்களின் சாவு 68 விழுக்காடு அதிகம். இருபத்துமூன்று ஆண்டுகளில் ஒரு நகரத்துப் பெண்களின் மரபணு மாறிவிடுமா? நியூயார்க்கில் இடைவெளி மிகக் குறைவாக இருந்ததே, அங்குள்ளவர்கள் வேறு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களா? சிகாகோவில் மருத்துவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது தென்பட்டவை மிகச் சாதாரணமானவை: பழைய எக்ஸ்ரே கருவிகள், படத்தைப் படிக்கத் தேர்ந்தவர் இல்லாமை, சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே மாதக்கணக்கில் இழுபறி.

ஏழ்மையும் புறக்கணிப்பும்தான் எல்லாம், உடல் என்று ஒன்று இல்லை என்று முழங்கும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். புறக்கணிப்பு ஆவியாக அலைவதில்லை; உடம்புக்குள் புகுந்து ஹார்மோனாகத்தான் வேலை செய்கிறது. பாலூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றும் பாலூட்டாத கறுப்பினப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத புற்றுநோய் கூடுகிறது, பாலூட்டியவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தணிகிறது என்று நான்கு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் காட்டினார்கள். அமெரிக்காவில் மகப்பேற்றுக்குச் சம்பளத்துடன் விடுப்பளிக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. 1993இன் சட்டம் தருவது 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு, அதுவும் எல்லாருக்கும் இல்லை. சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்க முடியாதவள் புட்டிப்பாலுக்குப் போகிறாள். அவளுடைய பாட்டியின் பாட்டி, வெள்ளைக் குழந்தைக்குப் பாலூட்ட அழைத்துச் செல்லப்பட்டவளாக இருக்கக்கூடும். மாரிசனின் 'பிலவ்ட்' நாவலில் சேத்தியின் பால் களவாடப்படும் இடத்தை எனக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டியவரே என் நண்பர்தான். பால் சுரப்பை நடத்துவதும் ஹார்மோன், நிறுத்துவதும் ஹார்மோன், இடையில் இருப்பது முதலாளியின் வருகைப் பதிவேடு. இன்சுலினும் அப்படியே. அது எந்தப் பேட்டையில் என்ன விலைக்கு எந்த உணவு விற்கிறது என்பதற்கு ஏற்ப ஏறுகிறது. ஐ.ஜி.எஃப் சார்ந்த புரதங்களில் சில இன வேறுபாடுகள் அளக்கப்பட்டிருக்கின்றன என்பதும் உண்மை. அவை ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. அவற்றின் பின்னால் உணவும் எடையும் வயதும் நிற்கின்றன. அளந்த எண்ணைக் கதையின் முதல் வரியாக வைப்பதா, கடைசி வரியாக வைப்பதா என்பதுதான் எங்கள் சண்டை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அது பத்திரிகை வாசகர்களாகிய நமக்கு உவப்பானது. 1995இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கறுப்பினப் பெண்களை மட்டுமே நெடுங்காலம் பின்தொடரும் ஓர் ஆய்வைத் தொடங்க எண்ணினார்கள். அத்தனை பேரை எங்கே தேடுவது? 'எசன்ஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு வினாத்தாள்களை அஞ்சலில் அனுப்பினார்கள். அந்த வழியில் முக்கியமாகவும் பிற வழிகளில் சிறிதளவுமாக 59,000 பெண்கள் விடை எழுதினார்கள். முன்பு சொன்ன பாலூட்டல் கணக்கில் பெரும் பங்கு அவர்களுடையது. 2021இல், கறுப்பினப் பெண்களின் தரவிலிருந்தே அவர்களுக்கான புதிய கணக்கீட்டுச் சூத்திரம் வெளிவந்தது. 1995இல் அவர்களில் இளையவருக்கு 21 வயது. இன்று அவரும் 50ஐத் தாண்டிவிட்டார். முதிய கறுப்பினப் பெண்ணின் ஹார்மோன் பற்றிப் பேச விரும்புகிறவர் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன் மருந்துகளின் உறைமேல் 2003 முதல் இருந்துவந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால் நன்மை மிகுதி என்பது அதன் வாதம். 2002இன் பீதி மிகை என்று பலர் மகிழ்ந்தார்கள். இது அவசரம் என்று சிலர் எச்சரித்தார்கள். மீண்டும் ஒருமுறை 'பெண்' என்ற பொதுச்சொல் இரு தரப்பிலும் தாராளமாகப் புழங்கிற்று.

இவ்வளவையும் நண்பரிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, ஐ.ஜி.எஃப் அளவு வேறுபடுகிறதா இல்லையா, அதைச் சொல்" என்றார். வேறுபடலாம் என்றேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். லார்டின் புத்தகத்தை அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அது என்னிடமிருந்து போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.